டாஃப்னியா கரீமி

பெண் கேட்டுப் போகிற ஆண்பிள்ளை எதையாவது கூட்டிச் சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சம்பளத்தைக் கூட்டுவார்கள். உயரத்தைக் கூட்டுவார்கள். என் நண்பன் ஒருவன் இல்லாத அண்ணனைத் துபாயில் கூட்டினான். நான் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன். உலகத்தில் இல்லாத ஓர் உயிரினத்தைக் கூட்டிச் சொன்னேன். (தெரிந்து சொன்ன பொய் அல்ல. உண்மை என்று மனதார நம்பிச் சொன்னது. பொய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன். நம்பிக்கைதான் மனுஷனை மேடையேற்றி மானத்தை வாங்குகிறது.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கிருஷ்ணகிரியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மாங்காய் மண்டி. நான் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எம்.ஃபில். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் தேங்கி நிற்கிற தண்ணீரையெல்லாம் அலசித் திரிந்தேன். அம்மாவின் பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவையைக் கிழித்து, கம்பி வளையத்தில் தைத்து, நீளமான கழியில் கட்டியதுதான் என் விஞ்ஞானக் கருவி. ஏரிக்கரையில் அதை இழுத்துக்கொண்டு நடந்தால், "என்னா தம்பி, ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்று கேட்பார்கள். "தெள்ளு பிடிக்கிறேன்" என்பேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. கொஞ்சம் தள்ளி நடப்பார்கள்.

தெள்ளு என்றதும் நாயின் காதை நினைக்க வேண்டாம். இது தண்ணீர்த் தெள்ளு. டாஃப்னியா என்பது படித்தவர்கள் வைத்த பெயர். பிறப்பால் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். அளவில் எள்ளில் பாதி. (பணக்காரச் சொந்தம் இருந்தும் முன்னுக்கு வராத குடும்பம்.) உடம்பு கண்ணாடி மாதிரி. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும், காலையில் தின்றது தெரியும், முதுகுப் பையில் சுமக்கிற குழந்தைகள் தெரியும். இவ்வளவு வெளிப்படையான பிராணி நம்மை ஏமாற்றும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கிருஷ்ணகிரி அணையில் நான் பிடித்த தெள்ளுக்குத் தலையில் நீண்ட கூரான கூம்பு இருந்தது. வாலில் உடம்பு நீளத்துக்கு ஒரு முள். பர்கூர் பக்கம் கைவிடப்பட்ட கருங்கல் குவாரிக் குட்டையில் பிடித்த தெள்ளுக்குத் தலை வழவழவென்று உருண்டை, முள்ளும் பேருக்குத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று முடிசூடிய ராஜா, மற்றது நேற்றுத்தான் திருப்பதி போய்விட்டு வந்த ஆள். கல்லூரிப் புத்தகத்தில் மொட்டைக்குப் படம் இருந்தது. ராஜாவுக்கு இல்லை. புத்தகத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிற வயது எனக்கு. ஆகவே ராஜா புதிய இனம். கண்டுபிடித்தவன் நான். (அந்தப் புத்தகத்தின் பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

இந்த நேரத்தில்தான் நூர்ஜஹானின் பேச்சு வந்தது. அவளுடைய அத்தா அப்துல் கரீம், எங்களுக்கு ஒரு வகையில் மாமா முறை. போச்சம்பள்ளி போகிற வழியில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருந்தார். நூரை நான் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது; என் பக்கத்தில் இருந்த பிரியாணி தேக்சாவைப் பார்த்தாள் என்பது மட்டும் உறுதி. அது போதும் என்று அத்தாவை நச்சரித்துப் பெண் கேட்க அழைத்துப் போய்விட்டேன்.

கரீம் மாமாவிடம் ஏற்கெனவே ஒரு வரன் வந்திருந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஸ்கூட்டர் இருந்தது, கம்பெனி யூனிபாரம் இருந்தது, கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு இருந்தது. என்னிடம் புடவை வலை இருந்தது.

"அந்தப் பையன் பிஸ்டன் செய்யிற கம்பெனியில இருக்கான். தம்பி என்னா செய்யிது?" என்று மாமா கேட்டார்.

அத்தா கூரையைப் பார்த்தார். நான், "டேம்ல தெள்ளு ஆராய்ச்சி மாமா" என்றேன்.

"அத ஒழிக்கிறதுக்கா?"

"இல்ல மாமா. சும்மா... என்னென்ன இருக்குன்னு பாக்கிறதுக்கு."

"பாத்து?"

நல்ல கேள்வி. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி. மாமா டீயை ஆற்றிக்கொண்டே, "படிப்பெல்லாம் இருக்குது தம்பி, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு பேருக்குத் தெரியிற மாதிரி ஒரு பேரு வேணாமா?" என்றார்.

அந்த இடத்தில்தான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "பேருதான மாமா வேணும்? நான் புதுசா ஒரு உயிரினம் கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்கு உங்க பேரையே வெச்சிடறேன். டாஃப்னியா கரீமி. உலகத்துல எந்த நாட்டுக்காரன் புத்தகம் போட்டாலும் உங்க பேரு இருக்கும்."

டீ ஆற்றுவது நின்றது. மாமா ஃபேக்டரிக்குத் தன் பெயரை வைத்திருந்தார், லாரிக்கு வைத்திருந்தார். ஓர் உயிருள்ள ஜீவனுக்கு வைக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா வலுவா இருக்குமா?" என்று கேட்டார்.

"தலையில மகுடமே இருக்குது மாமா."

"ஆம்பளைக்கு மட்டுமா, பொம்பளைக்குமா?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். விஞ்ஞானம் விடவில்லை. "அதுல அநேகமா எல்லாமே பொம்பளைதான் மாமா. ஆம்பளை இல்லாமலே குட்டி போட்டுக்கும். ஆம்பளைக்கு அங்க வேலையே இல்ல."

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பறம் எதுக்குப்பா என் பேரு?"

அத்தா அவசரமாகக் குறுக்கிட்டு, ராணி இருந்தால் பரம்பரைக்கு மரியாதை என்றெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். எப்படியோ மாமாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "பெங்களூர்ல இருந்து பெரிய புரொஃபசர் யாராச்சும் வந்து, ஆமா இது புதுசுதான்னு நாலு பேரு முன்னால சொல்லட்டும். அந்த மேடையிலயே பொண்ணு தரேன்னு நானும் சொல்லிடறேன்" என்றார். சூப்பர்வைசருக்குப் பதில் சொல்வது தள்ளிவைக்கப்பட்டது. நான் சைக்கிளில் திரும்பும்போது கையை விட்டுவிட்டு ஓட்டினேன் என்று நினைவு. (அத்தா பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தார்.)

வீட்டில் ராஜாக்களையும் மொட்டைகளையும் இரண்டு ஊறுகாய் பாட்டில்களில் வளர்த்துவந்தேன். மேலே காகிதம் ஒட்டி 'ராஜா' என்றும் 'மொட்டை' என்றும் எழுதியிருந்தேன். ராஜாவுக்கு வீட்டுக்குள் மரியாதை: சமையலறை அலமாரியில், மண்பானைக்குப் பக்கத்தில், குளிர்ச்சியான இடம். மொட்டைக்குக் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பு. அந்தத் தொட்டியில் தெள்ளு அல்ல, விரால் இருந்தது. அத்தாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து, புண் ஆற விரால் குழம்புதான் வேண்டும் என்று யாரோ சொல்லி, உயிர் விரால்களை வாங்கித் தொட்டியில் நீந்தவிட்டிருந்தோம். தேவைக்கு ஒன்றைப் பிடித்து ஆக்குவது. புண் எப்போதோ ஆறிவிட்டது. குழம்பு ஆறவில்லை.

நடுவில் எம்.ஃபில். எழுத்துத் தேர்வுக்காக நான் சென்னை போக வேண்டியிருந்தது. பாட்டில்களை என் தங்கை மும்தாஜிடம் ஒப்படைத்தேன். அப்போது அவள் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள், விலங்கியல் படிப்பவர்களை மனிதர்களாக மதிக்காத வகை.

"தண்ணி வத்துனா ஊத்து. வேற எதையும் தொடாதே" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"தண்ணிதான். என்னா கேள்வி இது? தண்ணில ரகம் இருக்கா?"

இந்த வாக்கியத்தை என் எம்.ஃபில். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். தண்ணீரில் ரகம் இருக்கிறது என்பதுதான் மொத்த ஆய்வும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தேர்வு முடிந்து, அப்படியே அங்கேயே நண்பனுடன் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, இங்கே கரீம் மாமா பாராட்டு விழாவுக்கே ஏற்பாடு செய்திருந்தார். மண்டித் தெரு மண்டபம், சீரியல் பல்பு, மைக் செட். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லி, அவருக்கே பாடம் எடுத்த லீலாவதி மேடத்தைப் பெங்களூரிலிருந்து வரவழைக்க நானும் ஏற்பாடு செய்திருந்தேன். மண்டபத்து வாசலில் துணி பேனர்: 'புதிய உயிரினம் கண்ட இளம் விஞ்ஞானிக்குப் பாராட்டு விழா. தலைமை: உயிரினத்தின் பெயருக்குரியவர், ஜனாப் அப்துல் கரீம்.' அதில் என் பெயர் இல்லை. கூம்பு வைத்த தெள்ளு என்று சொல்லி ஓவியரிடம் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். அவர் காண்டாமிருகத்துக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் ஏதோ வரைந்திருந்தார்.

விழா அன்று காலை, கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்த மைக்ராஸ்கோப்பைச் சமையலறையில் வைத்து, ராஜா பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்.

மொட்டை.

இன்னொரு சொட்டு. மொட்டை. பாட்டிலையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே சிறுசுகள் எல்லாம் உருண்டைத் தலையோடு துள்ளிக்கொண்டிருந்தன. கொல்லைப்புறம் ஓடி மொட்டை பாட்டிலைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஓர் அரச சபையே நடந்துகொண்டிருந்தது. கூம்பு, முள், மகுடம், சகலமும்.

எனக்குள் அப்போது என்ன நடந்தது என்பதை, நான் ஒரு டாஃப்னியாவாக இருந்திருந்தால், வெளியிலிருந்தே பார்த்திருக்கலாம்.

"மும்தாஜூ, பாட்டில ஏன்டி மாத்தி வெச்ச?"

"நான் எதுக்கு மாத்தறேன்? உன் பூச்சியத் தொட்டுட்டு இந்தக் கையால நான் சோறு திங்க வேணாமா?"

"அப்ப மொட்டை எப்படி ராஜா பாட்டில்ல வந்துச்சு?"

"ஆட்சி மாறியிருக்கும். என்னைக் கேட்டா?"

விவாதிக்க நேரமில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டினேன். இரண்டு பாட்டிலின் காகிதத்தையும் நனைத்துப் பெயர்த்து, மாற்றி ஒட்டினேன். புது ராஜா பாட்டிலில் நடுநடுவே சில மொட்டைகள் திரிவது கண்ணில் பட்டது. அரச சபையில் இதுகளுக்கு என்ன வேலை என்று, சொட்டுக் குழாயால் உறிஞ்சி உறிஞ்சித் துணி துவைக்கிற கல் மேல் விட்டேன். எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. மீதியை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இந்த இரண்டு காரியங்களில் எது பெரிய மடத்தனம் என்பதைப் படிக்கிறவர்கள் பொறுமையாகப் பார்க்கவும்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. மண்டிக்காரர்கள், ஃபேக்டரி ஆட்கள், சொந்தபந்தம். ஒருபக்கம் திரை கட்டிப் பெண்கள். அதில் நூரும் அவளுக்குப் பக்கத்தில் மும்தாஜும். முன் வரிசையில் ஓசூர் சூப்பர்வைசர், யூனிபாரத்தோடு. "அவனும் வந்து பாக்கட்டும்" என்று மாமாவே கூப்பிட்டிருந்தார். லீலாவதி மேடம் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கி, கொடுத்த மாம்பழத்தை மேடையிலேயே சாறு வடியச் சாப்பிட்டுவிட்டு, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னட மண்ணில் பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வழியில் கன்னடத்தையும் ஏற்றிக்கொள்வார்.

கரீம் மாமா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்து, "தெருவுக்குப் பேரு வெப்பாங்க, மாத்திருவாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பேரு வெப்பாங்க, அதையும் மாத்திருவாங்க. இது மாத்த முடியாத பேரு. டேம்ல தண்ணி இருக்கிற வரைக்கும் நான் இருப்பேன்" என்றார். கைதட்டல். பிறகு ராஜா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார்.

"எங்கப்பா?"

"அதோ துள்ளுதே மாமா, அதுதான்."

"தூசியா?"

"தூசிக்குப் பக்கத்துல."

"தூசிக்குப் பக்கத்துலயும் தூசிதான்பா இருக்குது."

"அதுதான் மாமா நீங்க."

மாமா ஒரு கட்லா மீன் அளவுக்காவது எதிர்பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சட்டென்று மேடத்தை மைக்ராஸ்கோப் பக்கம் அழைத்தேன். பெரியவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் தூசியும் யானையாகிவிடும். அவசரத்தில் மேசை மேல் இருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே மண்டபத்துக்கும் வெளியே டீக்கடைக்கும் சேர்த்து ஒலிபரப்பானது.

மேடம் குனிந்தார். திருகைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்ற பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு கேட்டு வாங்கி அதையும் பார்த்தார்.

"ஏனப்பா, இது என்னா கூத்து?" என்றார். "இதுல தாயி மொட்டெ, வயித்துல இருக்கிற குழந்தெக்குக் கிரீடா. அந்த பாட்டில்ல தாயிக்குக் கிரீடா, குழந்தெ மொட்டெ."

"மேடம், கொஞ்சம் மெதுவா" என்று நான் கிசுகிசுத்தேன். டீக்கடைவரை கேட்டது.

"மெதுவா எதுக்கு? தாயி ஒரு இனம், அவ பெத்த மக வேற இனமா? நீ யாரு வயித்துல பொறந்த?"

சிரிப்பு ஆரம்பித்தது. நான் கழுத்தில் பொன்னாடையை இறுக்கிக்கொண்டு, "தங்கச்சி பாட்டில மாத்தி வெச்சிருச்சு மேடம்" என்றேன். ஆண்பிள்ளையின் கடைசி ஆயுதம்.

திரைக்குப் பின்னாலிருந்து மும்தாஜின் குரல் வந்தது. அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. "நான் ஒண்ணும் மாத்தல மேடம். தண்ணிதான் ஊத்துனேன். உள்ள இருந்த பாட்டிலுக்கு அம்மா பானைத் தண்ணிய ஊத்துனாங்க. கொல்லையில இருந்ததுக்கு நான் விரால் தொட்டித் தண்ணிய ஊத்துனேன். குழாய்ல தண்ணி வர்ற லட்சணத்துல பூச்சிக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்க முடியுங்களா?"

மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "சபாஷ் மகளே" என்றார். எனக்குப் பாடம் எடுத்த அத்தனை பேராசிரியர்களும் தராத பட்டத்தை விரால் தண்ணீர் ஊற்றியவளுக்குத் தந்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கேளுங்க. மீனு இருக்கிற தண்ணி வாசனெ பட்டா, பயத்துல இந்தத் தெள்ளு வயித்துல இருக்கிற குழந்தெக்கே தலெயில கூம்பு முளெக்கும், வால்ல முள்ளு நீளும். மீனு முழுங்கினா தொண்டையில குத்தும், துப்பிரும். மீனு வாசனெ இல்லேன்னா, அந்த பாரத்த சும்மனெ எதுக்குத் தூக்கணும்? மொட்டெயாவே பொறக்கும். டேம்ல மீனு உண்டு, கிரீடா உண்டு. குவாரியில மீனு இல்ல, கிரீடா இல்ல. இவரு வீட்டுல ராஜாவப் பானைத் தண்ணியில வெச்சாரு, மொட்டெய மீன் தண்ணியில வெச்சாரு. தலெகீழ் ஆயித்து. எல்லாம் ஒரே இனம். கொத்தாயித்தா, புரிஞ்சுதா?"

யாருக்கும் கொத்தாகவில்லை. மேடம் யோசித்தார். "நீங்கல்லாம் பெங்களூருக்கு மாங்காய் கொண்டு வர்றவங்கதானெ? ஓசூர் வரைக்கும் தமிழு. அத்திபெலே செக்போஸ்ட் தாண்டினா கன்னடா. தெலுங்கு வியாபாரி வந்தா தெலுங்கு. அதுக்காக நீங்க மூணு ஆளா?"

மண்டபம் முழுக்க "ஓ" என்றது. மண்டிக்காரர்களுக்கு ஒரே நொடியில் பரிணாம விஞ்ஞானம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் இரண்டு வருஷம் வலை இழுத்தும் விளங்காமல் இருந்தது.

கரீம் மாமா மெதுவாக எழுந்து வந்தார். "அப்ப என் பேரு?"

"இதுக்கு ஏற்கெனவே பேரு வெச்சாச்சு ரீ. உங்க தாத்தாவுக்குப் பேரு வெக்கிறதுக்கு முன்னாலயே யாரோ வெள்ளைக்காரன் வெச்சிட்டான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் என் பொன்னாடையைப் பார்த்தேன். இத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ விஞ்ஞானத்தில் சறுக்கல் என்று தப்பித்திருப்பேன். மேடம் மறுபடி குனிந்துவிட்டார்.

"இரு, இரு. இங்க இன்னொரு மொட்டெ இருக்குதே. இவ குழந்தையும் மொட்டெ. அதே விரால் தண்ணிதானெ? மத்தவளுக கிரீடா வெச்சிருக்கா, இவ ஏன் வெக்கல?" மூச்சுவிடாமல் பார்த்தார். "இது வேற. பாத்தா ஒரே மாதிரி, ஆனா இதுதான் நெஜமா வேற இனம். குவாரியில ரெண்டு இனம் கலந்து இருந்திருக்குது. இந்த மாதிரி நெறைய இருந்திருக்கணுமே. மிச்சமெல்லாம் எல்லி, எங்க?"

பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "காலைல துணி துவைக்கிற கல்லு மேல ஊத்திட்டாருங்க மேடம். நான் பாத்தேன்."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதாவது, ஒன்றாக இருந்ததை நான் இரண்டு என்று சொல்லி மேடை போட்டேன். இரண்டாக இருந்ததை ஒன்று என்று நினைத்துக் கல்லில் ஊற்றினேன். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்வதற்குத் தனித் திறமை வேண்டும். (அந்த இரண்டாவது மொட்டைக்கும் யாரோ ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. என் காலத்துக்கு முன்பே பிறந்தவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.)

கரீம் மாமா மைக்கின் பக்கத்திலேயே நின்று, ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "மேடம், பயந்தா கூம்பு முளைக்கும்னு சொன்னீங்க."

"ஹௌது, ஆமா."

"இந்தத் தம்பி இப்ப நல்லாத்தான் பயந்துகிட்டு நிக்குது. இதுக்கு ஏன் ஒண்ணும் முளைக்கல?"

மண்டபம் வெடித்தது. சூப்பர்வைசர் சிரித்ததில் அவர் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது. திரை குலுங்கியது. அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மாமா என் கழுத்திலிருந்து பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டார். மேடையில் பெண் தருவதாக அறிவிக்கிற நிகழ்ச்சி நடக்கவில்லை. பிரியாணி நடந்தது. நான் பின்வாசல் வழியாகப் போனேன், மைக்ராஸ்கோப் பெட்டியைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் மாமாவிடமிருந்து ஆள் வந்தது. அத்தாவும் நானும் வர வேண்டுமாம். மைக் வாடகை, பல்பு வாடகை, பேனர் எல்லாம் கேட்பார் என்று அத்தா சொன்னார். மாம்பழ சீசன் முடியும்வரை அவருடைய ஃபேக்டரியில் கொட்டை எடுக்கச் சொன்னாலும் சம்மதம் என்ற மனநிலையில் நான் போனேன். நூர் போய்விட்டாள். அதற்கு மேல் எது போனால் என்ன.

மாமா டீ கொடுக்கச் சொன்னார். பிறகு அத்தாவிடம், என்னை ஒரு மாங்காய்க் கூடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தபடி சொன்னார்.

"காலைல மண்டிக்குப் போனேன். கழுத முண்டம், ஒவ்வொருத்தனும் 'தெள்ளு கரீம் வர்றாரு'ங்கறான். எடை போடற பையன்கூட. இனிமே இது என் கபர்க் குழி வரைக்கும் வரும். இப்ப இவனுக்குப் பொண்ணு குடுக்கலன்னு வெச்சுக்க. 'ஏன்யா உமக்குத் தெள்ளுன்னு பேரு வந்துச்சு?'ன்னு எவனாச்சும் கேட்டா என்னான்னு சொல்லுவேன்? ஒரு காரணமும் இல்லாம கெட்ட பேராப் போயிரும். குடுத்துட்டேன்னா, மருமவன் பண்ண கூத்துன்னு சொல்லிக்கலாம். குடும்பத்துக்குள்ள முடிஞ்சு போயிரும்."

இப்படி ஒரு நியாயத்தை அத்தா மண்டியில்கூடக் கேட்டதில்லை.

"பொண்ணு என்னா சொல்லுது?" என்று அத்தா கேட்டார்.

"கேட்டேன். சூப்பர்வைசரா, தெள்ளான்னேன். 'அவருக்கு எது நடந்தாலும் ஒரே மூஞ்சி. இவரு மூஞ்சி நேத்து எத்தன விதமா மாறிச்சு தெரியுமா? காலத்துக்கும் பொழுது போகும்'ங்குது. அதான் உங்க மும்தாஜூ பக்கத்துல உக்காந்துகிட்டு அண்ணன் பெருமையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்துச்சாமே."

என் தங்கை எனக்காகச் செய்த ஒரே பிரசாரம் அதுதான். என்ன சொன்னாள் என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. கேட்டால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

கல்யாணம் நடந்தது. அதே பொன்னாடையைத்தான் மாமா மறுபடி போர்த்தினார். (மடிப்பு அப்படியே இருந்தது.) போர்த்திவிட்டு, பந்தியில் இருந்த மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு ஜீவனுக்கு என் பேர வெக்கறேன்னு இவன் வாக்கு குடுத்தான். தெள்ளு ஒத்துக்கல. பேர வீணாக்கக் கூடாது. இவனுக்கே வெச்சிருவோம்" என்றார்.

அன்றிலிருந்து கிருஷ்ணகிரியில் எனக்குக் கரீமி என்றுதான் பெயர். மண்டியில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர், "கரீமி சார்" என்று மரியாதையாகவே கூப்பிட்டார், பாவம், அதுதான் என் பெயர் என்று நினைத்து.

எம்.ஃபில். முடிக்கவில்லை. இப்போது மாமாவின் ஃபேக்டரியில் மாங்கூழின் தரம் பார்க்கிறேன். மைக்ராஸ்கோப் இருக்கிறது, அதில் எது தெரிந்தாலும் பெயர் வைப்பதில்லை, உடனே கொதிக்க வைத்துவிடுகிறேன்.

என் தலையில் இன்று முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வழவழவென்று உருண்டை. மாமா வீட்டுக்கு வரும் நாட்களில் விரால் வாங்குவது வழக்கம். அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்து என்னை "வா கரீமி" என்று அழைத்த உடனே, நூர் மீன் கழுவிய ஈரக் கையோடு வந்து, என் தலையை ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"மீன் வாசனையும் இருக்குது, அத்தாவும் எதிர்லயே உக்காந்திருக்காரு" என்பாள் நூர். "ஒண்ணும் முளைக்கல. அந்தக் கல்லு மேல ஊத்துனாரே, அந்த ரகம்தான் இது."